நியூ ஜெர்சி கடையில் "ரொக்கம் வாங்க மாட்டோம்" என்று சொல்லலாமா?

கேள்வி: ஊரிலிருந்து அப்பா, அம்மா மூன்று மாதம் எங்களோடு தங்க நியூ ஜெர்சி வந்திருக்கிறார்கள். காலையில் நடக்கப் போன அப்பா, வழியில் ஒரு பேக்கரியில் காபி கேட்டுவிட்டு 20 டாலர் நோட்டை நீட்டியிருக்கிறார். "கார்டு மட்டும்தான்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எல்லாக் கடனுக்கும் செல்லும் என்று நோட்டிலேயே அச்சடித்திருக்கிறதே, அதை மறுக்க இவர்கள் யார் என்று அப்பா இரண்டு நாளாகப் பொருமுகிறார். இதற்குச் சட்டம் ஏதாவது இருக்கிறதா?

பதில்:

இருக்கிறது. நியூ ஜெர்சியில் கடைக்குள் நின்று பொருள் வாங்குகிறவர் ரொக்கம் கொடுத்தால் கடைக்காரர் வாங்கியே ஆக வேண்டும். 2019 மார்ச் 18 அன்று ஆளுநர் ஃபில் மர்ஃபி கையெழுத்திட்டதிலிருந்து இது மாநிலச் சட்டம். உங்கள் அப்பா செய்ததில் தவறே இல்லை. திருப்பி அனுப்பிய பேக்கரிதான் சட்டத்தை மீறியிருக்கிறது.

ஆனால் அப்பா சொல்லும் காரணம் சரியில்லை. நோட்டில் இருக்கும் அந்த வரி அவருக்கு இந்த உரிமையைத் தரவில்லை. இந்த வேறுபாடு தெரியாமல் நம்மவர்கள் பலர் கவுண்டரில் நோட்டைக் காட்டி வாதாடிவிட்டு மனம் நொந்து திரும்புகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இங்கே சிறு கடைகளுக்கும் உணவகங்களுக்கும் கணக்கு எழுதுவது என் தொழில். இந்தச் சட்டம் வந்த நாளிலிருந்து கல்லாவுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களின் புலம்பலையும் இந்தப் பக்கம் இருப்பவர்களின் கோபத்தையும் சேர்த்தே கேட்டு வருகிறேன்.

டாலர் நோட்டின் முகப்பில் உள்ள வரி, பொதுக் கடன், தனியார் கடன் எல்லாவற்றுக்கும் இந்த நோட்டு சட்டப்படி செல்லும் என்கிறது. 1862-ல் உள்நாட்டுப் போர்ச் செலவுக்காக லிங்கன் அரசு நோட்டு அச்சடித்தபோது, பின்னால் தங்கமோ வெள்ளியோ இல்லாத காகிதத்தை யார் வாங்குவார்கள் என்ற பயம் இருந்தது. கடன் கொடுத்தவர் அந்தக் காகிதத்தை மறுக்க முடியாதபடி சட்டம் செய்தார்கள். இன்று நடப்பில் இருக்கும் மத்தியச் சட்டத்திலும், அதாவது சட்டத் தொகுப்பின் 31-ம் தலைப்பு, 5103-ம் பிரிவிலும், பேச்செல்லாம் கடன், அரசுக் கட்டணம், வரி, நிலுவை பற்றித்தான். கடையில் சாமான் வாங்குவது பற்றி அதில் ஒரு சொல் கூட இல்லை.

காபி கேட்டு கவுண்டரில் நிற்கும் நேரத்தில் உங்கள் அப்பா அந்தக் கடைக்காரருக்கு ஒரு காசும் கடன்படவில்லை. இன்னும் பேரம் முடியவில்லை. "கார்டில் கொடுத்தால்தான் தருவேன்" என்பது கடைக்காரர் வைக்கும் நிபந்தனை. பிடித்தால் வாங்கு, இல்லாவிட்டால் போ என்று சொல்லும் உரிமையை மத்தியச் சட்டம் அவரிடமே விட்டுவைத்திருக்கிறது. அமெரிக்காவின் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வே இதை வெளிப்படையாகச் சொல்கிறது: மாநிலச் சட்டம் வேறுவிதமாகச் சொன்னால் ஒழிய, பொருளுக்கோ சேவைக்கோ தனியார் கடை ரொக்கம் வாங்கியாக வேண்டும் என்று நாடு முழுக்கச் செல்லும் சட்டம் எதுவும் கிடையாது. பஸ்ஸில் ஒரு சென்ட் காசு வாங்க மறுப்பதும், கேஸ் ஸ்டேஷனில், அதாவது பெட்ரோல் பங்கில், 50, 100 டாலர் நோட்டு வேண்டாம் என்று போர்டு வைப்பதும் இதனால்தான் நடக்கிறது.

உட்கார்ந்து சாப்பிட்டு, பிறகு பில் வரும் உணவகத்தின் நிலைமை வேறு. தோசை வயிற்றுக்குள் போய்விட்டது, காசு பாக்கி. அது கடன். கார்டு மட்டும்தான் என்று முன்கூட்டியே எங்கும் சொல்லாத உணவகம், கடைசியில் உங்கள் ரொக்கத்தை மறுத்துவிட்டு, பணம் தராமல் போனார் என்று உங்கள் மேல் பழி போட்டால் நிற்காது. ஆனால் வாசலிலும் மெனு அட்டையிலும் எழுதி வைத்திருந்தால், அதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தவர் அந்த நிபந்தனைக்குச் சம்மதித்தவர் ஆகிறார். ஆக, மத்தியச் சட்டத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் ஒரு சின்ன போர்டு போதும், நோட்டில் உள்ள வரியை ஓரங்கட்டிவிடலாம்.

இந்த ஓட்டையை முதலில் அடைத்த மாநிலம் மாசசூசெட்ஸ், 1978-ல். ரொக்கம் கொடுத்து வாங்குகிறவரிடம் கிரெடிட் கேட்டுப் பாகுபாடு காட்டக் கூடாது, சட்டப்படி செல்லும் பணத்தைச் சில்லறைக் கடைகள் ஏற்க வேண்டும் என்று இரண்டே வரியில் முடித்துவிட்டார்கள். அது ஸ்மார்ட்போன் இல்லாத காலம், கிரெடிட் கார்டு எல்லார் கையிலும் இல்லாத காலம். நாற்பது ஆண்டுகள் அந்தச் சட்டம் யாரும் சீண்டாமல் புத்தகத்தில் கிடந்தது. வேறு மாநிலங்களுக்கு அப்படி ஒன்று தேவைப்படவே இல்லை, ஏனென்றால் ரொக்கம் வேண்டாம் என்று சொல்லும் கடையே அநேகமாக இல்லை.

2017, 2018-ல் நிலைமை மாறியது. பெருநகரங்களில் சாலட் கடை, காபிக் கடை, பர்கர் கடை என்று வரிசையாக "இங்கே ரொக்கம் இல்லை" போர்டு மாட்ட ஆரம்பித்தார்கள். சாலட் கடைத் தொடரான ஸ்வீட்கிரீன் 2017-ல் தன் கடைகளில் ரொக்கத்தை நிறுத்தியது. அதே ஆண்டில் விசா கார்டு நிறுவனம் ஒரு போட்டி அறிவித்தது: ரொக்கத்தைக் கைவிட ஒப்புக்கொள்ளும் 50 சிறு உணவுக் கடைகளுக்குத் தலா 10,000 டாலர் பரிசு. ஒவ்வொரு கார்டு பரிமாற்றத்திலும் வருமானம் பார்க்கும் நிறுவனம் அது. யாருடைய நலனுக்காக நோட்டு ஒழிய வேண்டும் என்பது எனக்கு அன்றே புரிந்துவிட்டது. 2018 ஜனவரியில் சியாட்டிலில் அமேசான் கோ கடை திறந்தது. நுழையும்போதே செயலியைக் காட்ட வேண்டும், கல்லாவே கிடையாது.

அந்த 2018-ன் கடைசியில் நான் ஃபிலடெல்ஃபியாவில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். மதியச் சாப்பாட்டு நேரம், ஒரு சாலட் கடையில் நீண்ட வரிசை. எனக்கு முன்னால் ஒருவர், ஆரஞ்சு வேலை ஜாக்கெட், காலில் சிமென்ட் படிந்த பூட்ஸ். கண்ணாடித் தடுப்புக்கு இப்பால் நகர்ந்தபடியே ஒவ்வொன்றாகச் சொல்லி, கீரை, கோழி, சோளம் எல்லாம் கிண்ணத்தில் சேர்ந்து, மூடி போட்டு, கடைசியில் கல்லா இருக்க வேண்டிய இடத்துக்கு வந்தார். நாலாக மடித்திருந்த 20 டாலர் நோட்டைப் பிரித்து நீட்டினார். அந்தப் பக்கம் நின்ற பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். டேப்லெட்டைத் திருப்பிக் காட்டி, கார்டு மட்டும்தான் என்று மெதுவாகச் சொன்னாள். அவர் நோட்டைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார், பின்னால் நின்ற எங்களைப் பார்த்தார். பிறகு நோட்டைப் பழையபடி நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனார். என் கார்டில் தட்டிவிடலாமே என்று எனக்குத் தோன்றி வாய் திறப்பதற்குள் அவர் தெருவைக் கடந்துவிட்டார். அந்தக் கிண்ணத்தை அந்தப் பெண் என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். அன்றைய சட்டப்படி அந்தக் கடை செய்தது குற்றம் அல்ல.

இந்தச் சட்டங்களின் வேர் அங்கேதான் இருக்கிறது. கார்டு வைத்திருப்பவருக்கு "கார்டு மட்டும்" என்பது ஒரு வசதிக் குறிப்பு. கார்டு இல்லாதவருக்கு, உனக்கு இங்கே இடமில்லை என்ற போர்டு.

கார்டு இல்லாதவர்கள் யார்? மத்திய வைப்புத்தொகைக் காப்பீட்டு நிறுவனமான எஃப்டிஐசி இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கணக்கெடுக்கிறது. 2017 கணக்குப்படி அமெரிக்கக் குடும்பங்களில் 6.5 சதவீதம், அதாவது சுமார் 84 லட்சம் குடும்பங்களில் ஒருவருக்குக் கூட வங்கிக் கணக்கு இல்லை. வெள்ளையர் குடும்பங்களில் இது 3 சதவீதம், கறுப்பினக் குடும்பங்களில் 16.9 சதவீதம். 2023-ல் மொத்த எண்ணிக்கை 4.2 சதவீதமாக இறங்கியிருக்கிறது. அப்போதும் கறுப்பினக் குடும்பங்களில் பத்தில் ஒன்றுக்கு மேல் கணக்கு இல்லாமல்தான் இருக்கிறது. ரொக்கம் வாங்கச் சொல்லிப் பிறகு நகரங்களில் சட்டம் கொண்டுவந்த மன்ற உறுப்பினர்கள் பாகுபாடு என்ற சொல்லை மிகைக்காகப் பயன்படுத்தவில்லை. நிறத்தைச் சொல்லாமலேயே நிறத்தின்படி பிரித்து நிறுத்தும் விதியாக அந்த போர்டு ஆகிவிட்டிருந்தது.

ஏன் கணக்கு இல்லை என்று கேட்டால், அதிகம் பேர் சொல்லும் காரணம், குறைந்தபட்ச இருப்பு வைக்கும் அளவுக்குப் பணம் இல்லை என்பது. கணக்கில் 3 டாலர் குறைந்தபோது 35 டாலர் ஓவர்டிராஃப்ட் கட்டணம் பிடித்ததைப் பார்த்தவர் அடுத்த முறை வங்கிப் பக்கம் போகத் தயங்குவார். டிப்ஸில் வாழும் சர்வர், வீட்டு வேலைக்குப் போகும் பெண், நாள் கூலிக்கு நிற்பவர் ஆகியோருக்கு வருமானமே நோட்டாகத்தான் கைக்கு வருகிறது. இன்னொரு வகை உண்டு, வெளியில் பேச மாட்டார்கள்: கணவன் கணக்கைத் துருவிப் பார்க்கும் வீட்டில், கையில் ஒளித்து வைத்த நாற்பது டாலர்தான் ஒரு பெண்ணின் ஒரே சுதந்திரம். வேலை விசாக்காரரின் மனைவியாக எச்-4 விசாவில் வந்து, தன் பெயரில் கிரெடிட் வரலாறு இல்லாமல், கணவனின் கார்டை எதிர்பார்த்து நிற்கும் நம் பெண்களையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அப்பாவைப் போல வருகிறவர்கள் கதை தனி. 2020 ஜனவரியில் இந்திய ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவுப்படி, அந்த ஆண்டு மார்ச் 16 முதல் இந்தியாவில் புதிதாகக் கொடுக்கும் கார்டுகள் உள்நாட்டு ஏடிஎம்மிலும் கடைகளிலும் மட்டுமே வேலை செய்யும். வெளிநாட்டில் பயன்படுத்த வேண்டுமானால் கார்டுக்காரரே கேட்டுத் திறந்துகொள்ள வேண்டும். மோசடியைத் தடுக்க நல்ல ஏற்பாடு. ஆனால் கிளம்புகிற அவசரத்தில் அதைச் செய்யாமல் வருகிறவர்கள்தான் அதிகம். செய்துவிட்டு வந்தாலும், ஓடிபி கேட்கும் இடங்களில் அது ஊர் எண்ணுக்குப் போகும். ஊரில் பெட்டிக்கடையில் கூட க்யூஆர் தட்டியை ஸ்கேன் செய்து பழகிய கை, இங்கே யுபிஐ இல்லாமல் வெறுங்கையாகிவிடுகிறது. கையில் மாற்றிக்கொண்டு வந்த டாலர்தான் அவர்களுக்கு எல்லாமே.

நகர அளவில் முதலில் எழுந்தது ஃபிலடெல்ஃபியா. பெரிய நகரங்களில் வறுமை மிகுந்த நகரம் அது. அன்று நாலில் ஒருவர் வறுமைக் கோட்டுக்குக் கீழே. மேயர் ஜிம் கென்னி 2019 பிப்ரவரியில் கையெழுத்திட, ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மீறினால் 2,000 டாலர் வரை அபராதம். 20 டாலருக்கு மேற்பட்ட நோட்டை வாங்கத் தேவையில்லை. வாகன நிறுத்துமிடம், உறுப்பினர் கட்டணம் கட்டும் மொத்தக் கடை, முன்பணம் பிடிக்கும் வாடகைக் கடை ஆகியவற்றுக்கு விலக்கு. இப்படிச் சட்டம் வந்தால் தங்கள் கடை இங்கே வருவது சிக்கலாகலாம் என்று அமேசான் நகரத்திடம் சொல்லிப் பார்த்தது. நகரம் அசையவில்லை. கடைசியில் மாறியது அமேசான்தான்: 2019 மே மாதம் நியூயார்க்கில் திறந்த அமேசான் கோ கடையில் ரொக்கமும் வாங்கினார்கள். ஸ்வீட்கிரீனும் அந்த ஆண்டே ரொக்கத்துக்குத் திரும்புவதாக அறிவித்தது. சட்டம் போட்டால் வியாபாரம் ஓடிப்போகும் என்று மிரட்டும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

ஃபிலடெல்ஃபியா மேயர் கையெழுத்திட்ட மூன்று வாரத்துக்குள் நியூ ஜெர்சி சட்டம் வந்தது. மாநில அளவில் மாசசூசெட்ஸுக்கு அடுத்தது இதுதான். முதல் மீறலுக்கு 2,500 டாலர் வரை, இரண்டாவதற்கு 5,000 டாலர் வரை. மூன்றாவது முறையிலிருந்து நுகர்வோர் மோசடிச் சட்டத்தின் கீழ் போய்விடும். அது கடைக்காரர்கள் உண்மையிலேயே அஞ்சும் சட்டம். நேரில் நடக்கும் விற்பனைக்கு மட்டுமே இது பொருந்தும். போனிலோ இணையத்திலோ ஆர்டர் செய்தால் பொருந்தாது. கார் வாடகைக்கும், கைபேசி வழியாக மட்டும் கட்டணம் வாங்கும் பார்க்கிங்குக்கும் விலக்கு. விமான நிலையத்துக்கு ஒரு விசேஷ விதி: ஒவ்வொரு டெர்மினலிலும் குறைந்தது இரண்டு உணவுக் கடைகளாவது ரொக்கம் வாங்க வேண்டும், அப்போதுதான் மற்றவை மறுக்கலாம். நியூவார்க்கில் பதினைந்து மணி நேரம் பறந்து வந்து இறங்கும் பெற்றோருக்கு இது உதவும்.

அதே 2019-ல் சான் ஃபிரான்சிஸ்கோவும் ரோட் ஐலண்டும் சேர்ந்துகொண்டன. 2021-ல் கொலராடோ. நியூயார்க் நகர மன்றம் 2020 ஜனவரியில் நிறைவேற்றியது. பிராங்க்ஸிலிருந்து தேர்வான ரிச்சி டோரஸ் கொண்டுவந்த மசோதா. நவம்பர் 19 முதல் அமல். அதில் எனக்குப் பிடித்த ஒரு விதி, ரொக்கம் கொடுப்பவரிடம் கார்டுக்காரரைவிட அதிக விலை வாங்கக் கூடாது என்பது. இன்னொன்று, நோட்டைப் போட்டால் அதே மதிப்புக்கு ஒரு கார்டு தரும் இயந்திரம், ரிவர்ஸ் ஏடிஎம் என்பார்கள், கடைக்குள்ளேயே இருந்தால் போதும். ஆனால் அதற்குக் கட்டணம் கேட்கக் கூடாது, ஒரு டாலருக்கு மேல் குறைந்தபட்சத் தொகையும் கேட்கக் கூடாது. காரியம் தெரிந்தவர்கள் எழுதிய விதி அது.

கடைக்காரர் பக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் என் வாடிக்கையாளர்களுக்குத் துரோகம் செய்தவனாவேன். ரொக்கம் வைத்து நடத்துவது பெரிய பாடு. காலையில் கடை திறக்கும் முன் கல்லாவில் 150, 200 டாலர் சில்லறையாகக் குவாட்டர், டைம், நிக்கல், ஒரு டாலர், ஐந்து டாலர் என்று தட்டுத் தட்டாகப் பிரித்து வைக்க வேண்டும். வங்கியில் சில்லறைச் சுருள் வாங்கப் போனால் அதற்கும் சிலர் கட்டணம் கேட்பார்கள். இரவு பத்து மணிக்குக் கதவைப் பூட்டிவிட்டு, கால் கடுக்க நின்ற பையன் எண்ணுவான். பில் ரோலில் 612 டாலர் 40 சென்ட், கையில் 607. ஐந்து டாலர் சொச்சம் எங்கே போனது என்று அவனும் அறியான், முதலாளியும் அறியார், ஆனால் இருவர் மனதிலும் ஒரு சந்தேகம் விழுந்துவிடும். கொள்ளைப் பயம் நிஜமானது. என் வாடிக்கையாளர் ஒருவரின் கடையில் இரவு நேரத்தில் துப்பாக்கியைக் காட்டிக் கல்லாவைத் திறக்கச் சொன்னார்கள். போனது முந்நூற்றுச் சொச்சம் டாலர்தான். ஆனால் அன்று கவுண்டரில் நின்ற பெண் அதற்குப் பிறகு வேலைக்கு வரவில்லை. கடைக்காரர் என்னிடம், "ரொக்கமே வேண்டாம், எழுதி ஒட்டிவிடட்டுமா?" என்று கேட்டபோது அவரை எதிர்த்துப் பேச எனக்கு வாய் வரவில்லை.

ஆனாலும் கணக்குப் போட்டுக் காட்டினேன். கார்டுக்கு 2.6 சதவீதமும் கூட 10 சென்ட்டும் கட்டணம் என்று வையுங்கள். 50 டாலர் பில்லுக்கு 1 டாலர் 40 சென்ட் போகும், 3 சதவீதத்துக்கும் குறைவு. 3 டாலர் காபிக்கு 18 சென்ட் போகும், கிட்டத்தட்ட 6 சதவீதம். சின்னச் சின்ன பில் அதிகமுள்ள கடைக்கு ரொக்கம் சுமை அல்ல, லாபம். பயத்துக்கு வேறு வழி இருந்தது: தரையோடு திருகிய, வேலையாட்களால் திறக்க முடியாத டிராப் பெட்டி, கல்லாவில் 100 டாலருக்கு மேல் சேர்ந்தால் உடனே அதில் போட்டுவிடுவது, அதை வாசலில் எழுதி ஒட்டுவது. டென்மார்க்கில் இந்தக் கவலையைச் சட்டத்துக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். அங்கே கடைகள் ரொக்கம் வாங்க வேண்டும், ஆனால் இரவு 10 முதல் காலை 6 வரை மறுக்கலாம். இங்கேயும் அப்படி ஒரு விதி இருந்தால் நான் ஆதரிப்பேன். இரவில் தனியாக நிற்கும் வேலையாளின் உயிரும் ஏழையின் உரிமை அளவுக்கு முக்கியம்.

பிறகு கொரோனா வந்தது. நோட்டில் கிருமி என்ற பயத்தில், சட்டம் இருக்கும் ஊர்களிலேயே கடைகள் ரொக்கத்தை நிறுத்தின. 2020 கோடையில் நாடு முழுக்கச் சில்லறைத் தட்டுப்பாடு வந்து, "சரியான சில்லறை கொடுங்கள், இல்லாவிட்டால் கார்டு" என்ற போர்டுகள் முளைத்தன. பயம் போனது, போர்டுகள் பல இடங்களில் அப்படியே நின்றுவிட்டன. மக்கள் பழக்கமும் மாறிவிட்டது. ஃபெடரல் ரிசர்வ் ஆண்டுதோறும் எடுக்கும் கணக்கில், 2016-ல் நூறு கட்டணங்களில் 31 ரொக்கத்தில் நடந்தன. 2023-ல் அது 16. உங்கள் பேக்கரிக்காரர் சட்டம் தெரிந்தே மீறினார் என்று நான் நினைக்கவில்லை. அண்மையில் தொடங்கிய கடைகளில் டேப்லெட்டை வாங்கி மாட்டுகிறார்கள், கல்லாப் பெட்டி தனி விலை என்பதால் விட்டுவிடுகிறார்கள். இப்படி ஒரு சட்டம் இருப்பதே பலருக்குத் தெரியாது.

ரொக்கம் எதற்கு என்று கேட்கும் இளைஞர்களிடம் நான் நியூ ஜெர்சியைத் தாக்கிய சாண்டி புயலைச் சொல்வேன். 2012 அக்டோபர் 29 இரவு. மறுநாளிலிருந்து பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. ஏடிஎம் செத்துக்கிடந்தது, கார்டு இயந்திரம் செத்துக்கிடந்தது. பெட்ரோலுக்கு மைல் கணக்கில் வரிசை. வண்டி எண் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்த்து நாள் பிரித்தார்கள். ஜெனரேட்டர் வைத்து பம்பை ஓட்டிய கேஸ் ஸ்டேஷன்காரர் கையில் நோட்டுக் கட்டோடு நின்றார். வீட்டில் இருந்தது எனக்கு 37 டாலர். அந்த 37 டாலருக்கு நான் அன்று கொடுத்த மரியாதையை அதற்குப் பிறகு எந்தப் பணத்துக்கும் கொடுத்ததில்லை. 2024 அக்டோபர் 1 முதல் நார்வே தன் சட்டத்தை இறுக்கியது. நிலையான கடைகளில் 20,000 குரோனர் வரை நுகர்வோர் ரொக்கமாகக் கொடுக்கலாம், கடை மறுக்கக் கூடாது. உலகிலேயே மிகக் குறைவாக ரொக்கம் புழங்கும் நாடுகளில் ஒன்று அது. டிஜிட்டல் தெரியாதவர்களை விட்டுவிடக் கூடாது என்பதோடு, இணையமும் மின்சாரமும் அறுந்துபோகும் நாளுக்குத் தயாராக இருக்க வேண்டும் என்பதையும் காரணமாகச் சொன்னார்கள்.

நாடு தழுவிய சட்டம் கொண்டுவரப் பலமுறை முயன்றார்கள். நியூ ஜெர்சியின் டொனால்ட் பெய்ன் ஜூனியர் காங்கிரஸில் இதற்காக மசோதா கொண்டுவந்து கொண்டே இருந்தார், 2024-ல் மறையும்வரை அது சட்டமாகவில்லை. எனக்கு அதைவிட வருத்தம், அரசே வழிகாட்டத் தவறுவது. மவுண்ட் ரெய்னியர் உள்பட சில தேசியப் பூங்காக்களில் நுழைவுக் கட்டணத்துக்கு ரொக்கம் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். அரசுக் கட்டணத்துக்குச் செல்லும் என்று சட்டத்தில் வெளிப்படையாக எழுதியிருக்கும் பணத்தை அரசின் வாசலிலேயே மறுப்பது எப்படி நியாயம்? இதன் மேல் வழக்கும் போடப்பட்டது.

ஊரில் எப்படி என்று அப்பா கேட்பார். ரிசர்வ் வங்கிச் சட்டம், 1934-ன் 26-ம் பிரிவுப்படி ரூபாய் நோட்டு இந்தியா முழுக்கச் செல்லும். நாணயத்துக்கு 2011 நாணயச் சட்டம்: ஒரு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நாணயங்கள் ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரை சட்டப்படி செல்லும். தமிழ்நாட்டில் பத்து ரூபாய் நாணயத்தைக் கடையிலும் பஸ்ஸிலும் வாங்க மறுத்த கதை நமக்குத் தெரியும். 14 வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிவித்த பிறகும் அது ஓயவில்லை. காரணம், நியூ ஜெர்சியில் உள்ளதுபோல் கடைக்காரர் மறுத்தால் இவ்வளவு அபராதம் என்று நேரடியாகச் சொல்லும் விதி அங்கே இல்லை. சிங்கப்பூரில் இன்னும் வேறு: எழுத்தில் முன்கூட்டியே அறிவித்துவிட்டால் கடை ரொக்கத்தை மறுக்கலாம்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. அப்பாவோடு அதே பேக்கரிக்கு ஒரு முறை போங்கள், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து. கவுண்டரில் நிற்கும் பிள்ளையிடம் சண்டை வேண்டாம், விதி அவர் வைத்ததல்ல. முதலாளியையோ மேனேஜரையோ கேட்டு, 2019-லிருந்து நியூ ஜெர்சியில் ரொக்கம் வாங்க வேண்டும் என்ற சட்டம் இருக்கிறது, முதல் அபராதமே 2,500 டாலர் வரை போகும் என்று பொறுமையாகச் சொல்லுங்கள். பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். சில்லறை இல்லை என்ற சாக்குக்கு இடம் தராமல் ஒன்று, ஐந்து டாலர் நோட்டுகளாகக் கொண்டு போங்கள்.

அப்படியும் மறுத்தால், "கார்டு மட்டும்" என்ற போர்டைப் படம் எடுங்கள். பில் கிடைத்திருக்காது, ஆகவே தேதி, நேரம், கேட்ட பொருள், நீட்டிய நோட்டு, மறுத்தவர் சொன்ன வார்த்தை ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள். மாநில நுகர்வோர் விவகாரப் பிரிவின் இணையதளத்தில் புகார்ப் படிவம் இருக்கிறது, அதில் படத்தையும் இணைக்கலாம். அப்பா விசிட்டர் விசாவில் இருப்பதை எண்ணித் தயங்கினால், நீங்களே ரொக்கம் கொண்டு போய்க் கேட்டுப் பாருங்கள். உங்களையும் மறுத்தால் உங்கள் பெயரிலேயே புகாரைப் போடுங்கள்.